காலிலிருந்து எடுத்து நெஞ்சில் தைத்தது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நலம் விசாரிப்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். பிறகு மெதுவாக, "சட்டையக் கொஞ்சம் தூக்கிக் காட்டேன், பாக்கலாம்" என்பார்கள். காட்டுவேன். கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறு வரை ஒரு நேர்கோடு. வேட்டியை விலக்கிக் காலையும் காட்டுவேன். கணுக்காலில் தொடங்கித் தொடை வரை இன்னொரு கோடு. "நெஞ்சுலதானே கோளாறு? கால எதுக்கு அறுத்தாங்க?" என்று கேட்காதவர் இல்லை.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நீளமாகப் பேசினால் மூச்சும் வாங்குகிறது. எட்டாவது வரை படித்தவன், எழுத வரும். அதனால் நடந்ததை நடந்தபடியே இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களிடம் இதைக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம்.

என் பெயர் ஏழுமலை. ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட்டில் கேட்மேனாக இருந்தேன். என் மனைவி கோவிந்தம்மா. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் உண்டு. நிலத்தைப் பார்த்துக்கொண்டது முழுக்க அவள்தான், நான் கேட்டைப் பார்த்துக்கொண்டேன். ஒரே மகள் சுகுணாவைப் பள்ளிப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அட்டாக் வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. காலை டியூட்டி. விடிந்ததிலிருந்தே நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வாய்வு என்று நினைத்தேன். ஒரு சோடா வாங்கிக் குடித்தேன், ஏப்பமும் வந்தது, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து பாசஞ்சர் புறப்பட்டுவிட்டது, கேட்டை மூடு என்றார்கள்.

எங்கள் கேட்டை ஒரு இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பாதி சுற்றும்போதே இடது கை தோளிலிருந்து சுண்டு விரல் வரை இழுத்தது. சுற்றி முடித்துப் பூட்டுப் போட்டு, மூடியாயிற்று என்று போனில் சொல்லிவிட்டு, பச்சைக் கொடியோடு போய் நின்றேன். வண்டி போனது. கடைசிப் பெட்டி போனதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

வண்டி போய்விட்டது, கேட் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டிக்கு இரும்புக் கம்பி ஏற்றிப்போன ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. சைக்கிள்காரர்கள் கத்தினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது, பதில் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கேட்டுக்கு அடியில் குனிந்து ஒரு பொம்பளை உள்ளே வந்தாள். பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற கன்னியம்மா. தினமும் அந்த வழியாகத்தான் போவாள்.

"இன்னாண்ணா, தூங்கினு கீறியா? வெயில்ல மீனு கெட்டுக்கினு கீது" என்று கத்திக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் கூடையைத் தரையில் போட்டுவிட்டாள். "ஐயையோ! யோவ் லாரிக்காரரே, ஓடியா! இந்தாளுக்கு என்னுமோ ஆயிப்போச்சு!"

லாரி டிரைவர் தடாவுக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர். ஓடி வந்து சக்கரத்தில் கை வைத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஸ்டேஷனைக் கேட்காமல் கேட்டைத் திறக்கக் கூடாது. "போனு" என்று மட்டும் வாயில் வந்தது. கன்னியம்மா அதுவரை போனைத் தொட்டதில்லை. ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஹலோ! ஒங்க ஆளு இங்க செத்துக்கினு கீறாரு! கேட்டத் தொறக்கலாமா கூடாதா, சொல்லுங்க!" என்று கூவினாள். பதில் எப்படிக் காதில் விழுந்ததோ, திறக்கலாம் என்று விழுந்தது. லாரியின் முன்சீட்டில் என்னைச் சாய்த்தார்கள். டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தோளைத் தாங்கிக்கொண்டே வந்தார். "பயப்படாத நைனா, பயப்படாத" என்று வழி முழுக்கச் சொன்னார். அவர் பெயரைக் கேட்க முடியாமல் போனது. பிற்பாடு எத்தனையோ லாரிகளை நிறுத்திப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு ஊசி போட்டார். வலி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஹார்ட் அட்டாக் என்று அவர்தான் முதலில் சொன்னது. அடுத்த ரயிலின் கடைசியில், கார்டு பெட்டியில் என்னைப் படுக்கவைத்து, சென்னையில் எங்கள் இலாகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மா செய்தி கேட்டுச் சேற்றுக் காலோடு வண்டி ஏறி வந்திருந்தாள். கார்டு பெட்டியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மார்பிலும் கை கால்களிலும் பசையைத் தடவி, கம்பிகளை மாட்டி, ஒரு நீளக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். அதுதான் ஈ.சி.ஜி. இதயம் துடிக்கிற விதத்தை அது எழுதிக் காட்டுமாம். மூன்றாம் நாள் இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

"இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது இல்லையா? அதுக்கும் ரத்தம் வேணும். அதுக்குன்னே மூணு குழாய் இருக்கு, வைக்கோல் தண்டு கனம்தான் இருக்கும். அதுல ஒண்ணு அடைச்சிக்கிச்சு. அந்தக் குழாயை நம்பியிருந்த சதை கொஞ்சம் செத்துப்போச்சு."

"அடைப்ப எடுக்க முடியாதுங்களா?" என்று கோவிந்தம்மா கேட்டாள்.

"இப்ப முடியாதும்மா. ரத்தம் மேல மேல உறையாம இருக்க ஊசி போடுறோம். பக்கத்துல இருக்கிற சின்னச் சின்னக் குழாய்ங்க மெதுவா அந்த வேலைய எடுத்துக்கும். அதுவரைக்கும் இவர் அசையாம படுத்திருக்கணும். அதுதான் மருந்து."

அசையாமல் என்றால் அசையாமல்தான். மூன்று வாரம் நான் சோற்றைக் கையால் தொடவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் கோவிந்தம்மா ஸ்பூனில் ஊட்டினாள். பல் தேய்த்துவிட்டதும் முகச் சவரம் செய்துவிட்டதும் வேறு கைகள். மலஜலம் படுக்கையில், பாத்திரத்தில். கல்யாணமான மகளுக்கு அப்பன், ஒரு நர்ஸ் பெண்ணிடம் அதற்குக் கூப்பிட வேண்டுமே என்று இரண்டு நாள் அடக்கி வைத்து, வயிறு உப்பித் திட்டு வாங்கினேன். ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்க்க தினமும் ஊசி குத்தினார்கள். இரண்டு கை மடிப்பும் நாவல்பழம் நசுங்கிய நிறத்தில் இருந்தன. பக்கத்துக் கட்டிலில் அரக்கோணத்து ஸ்டோர் கிளார்க் ஒருவர் இருந்தார். வீட்டுக்குப் போனதும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட வேண்டும் என்று தினமும் சொல்வார். ஒரு நாள் காலை கண் விழித்தபோது அவர் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட் வேலை இல்லை, ஸ்டேஷனில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடியவில்லை. நூறு அடி நடந்தால் அந்த உள்ளங்கை மறுபடியும் நெஞ்சில் வந்து உட்காரும். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தலை விண்ணென்று இடிக்கும், பிறகு வலி இறங்கும். குளித்தால் வலி, சாப்பிட்டால் வலி, கோபப்பட்டால் வலி. கொஞ்ச நாளில் ஸ்டேஷன் வேலைக்கும் போக முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. சொல்லாவிட்டால் எழுதுவதில் அர்த்தமும் இல்லை. பயம் என்னை ஒரு மாதிரி ஆளாக்கிவிட்டது. கோவிந்தம்மா கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் அவள் குரலாவது கேட்க வேண்டும். கிணற்றடிக்குப் போனாள் என்றால் கூப்பிடுவேன். வலி வந்தாலும் கூப்பிடுவேன், வரப்போகிறதோ என்று தோன்றினாலும் கூப்பிடுவேன். அவள் வயலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு போகம் நிலம் சும்மா கிடந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ஆஸ்பத்திரியில் மறுபடி கூப்பிட்டார்கள். புதுப் பரிசோதனை ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். கையில் ரத்தக்குழாயைத் திறந்து மெல்லிய குழல் ஒன்றை இதயம் வரை நுழைத்து, சாயம் செலுத்திப் படம் பிடிக்கிறார்கள். ஆஞ்சியோகிராம் என்று பெயர். சாயம் உள்ளே போகும்போது உடம்பெல்லாம் வெந்நீரை ஊற்றிய மாதிரி இருந்தது, நான் அலறிவிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு சர்ஜன் வந்தார். என்னிடம் பேசும்போது அவர் நின்றுகொண்டு பேச மாட்டார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார்.

"மூணு குழாய்ல ரெண்டு முழுசா அடைச்சிருக்கு. மூணாவது பாதி. இப்ப ஒரு ஆபரேஷன் இருக்கு. உங்க கால்ல இருந்து ஒரு ரத்தக்குழாய எடுப்போம். கால்ல அது இல்லாட்டி பரவாயில்ல, வேற குழாய்ங்க பாத்துக்கும். அத அடைப்புக்கு மேல ஒரு முனை, கீழ ஒரு முனைன்னு இதயத்துல தைப்போம். ரத்தம் அடைப்பச் சுத்திக்கிட்டுப் போயிடும்."

"அது வரைக்கும் இதயம்?"

"நிறுத்தி வெப்போம். ஒரு மிஷின் அந்த வேலையப் பாக்கும்."

"செஞ்சவங்க எல்லாம் பொழச்சாங்களா சார்?"

அவர் பேனாவை மூடினார். "இங்க அதிகம் பேருக்குச் செய்யல ஏழுமலை. செஞ்சவங்கள்ல எல்லாரும் வீட்டுக்குப் போகல. அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு பிற்பகல். நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். வெகுநாள் கழித்து அன்றுதான் கோவிந்தம்மா, மடை உடைத்துக்கொண்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயல் பக்கம் போயிருந்தாள். எனக்கு லேசாக நெஞ்சு கனத்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் வரப்பில் ஓடி வந்தாள். வாசலுக்கு வந்தபோது புடவையெல்லாம் சேறு. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தாள். வழுக்கி விழுந்து கை பிசகிவிட்டது. கை வீங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும், "எங்க போய்ட்ட நீ? எவ்ளோ நேரமாக் கூப்புடறேன்" என்றுதான் கேட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை.

"எனக்கு அலுத்துப்போச்சுய்யா" என்றாள். "ரெண்டு வருசமா நான் தூங்கல. கண்ண மூடுனா நீ கூப்புடற மாதிரியே கீது. எழுந்து நீ மூச்சு வுடுறியான்னு பாக்குறேன். அப்புறம் எங்க தூங்குறது? நீ பொழச்சிக்கினாலும் சரி..." என்று நிறுத்தினாள். "மத்தத சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா இப்டியே இன்னும் எத்தினி வருசம்? என்னால முடியல."

இருபத்தைந்து வருஷத்தில் முடியவில்லை என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எழுந்து, வேப்பெண்ணெயைத் தேடி எடுத்து, அவள் கைக்குத் தடவித் துணி சுற்றினேன். சரியாகச் சுற்ற வரவில்லை. "அந்த டாக்டராண்ட போலாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "ம்" என்றாள்.

ஆபரேஷனுக்கு நிறைய ரத்தம் வேண்டும், புது ரத்தமாக வேண்டும், பத்துப் பேரைக் கூட்டிவாருங்கள் என்றார்கள். ஊரில் சொல்லி அனுப்பினேன். ரத்தம் கொடுத்தால் ஆம்பளைக்குத் தெம்பு போய்விடும் என்று ஊரில் நம்புகிறார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு அறுவடை, ஒருவன் வீட்டிலேயே இல்லை. எங்கள் லைனில் தண்டவாள வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் மட்டும் வந்தார்கள். இந்தச் செய்தி எப்படியோ கன்னியம்மா காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை குப்பத்திலிருந்து ஒன்பது ஆம்பளைகளை ரயிலேற்றி அழைத்து வந்துவிட்டாள். வரிசையில் முதல் ஆளாக அவளே நின்றாள்.

விரலில் குத்திப் பார்த்த பெண், "அம்மா, உங்களுக்கே ரத்தம் கம்மி. எடுக்க முடியாது" என்றாள்.

"எனக்கா கம்மி? இருவது கிலோ கூடையத் தலையில வெச்சிக்கினு ஏழு மைலு நடக்குறேன். நல்லாப் பாரு, இன்னொரு வாட்டி குத்து."

மறுபடி குத்தியும் கம்மிதான். கன்னியம்மா கோபத்தோடு வெளியே வந்து, பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "நான் நாளிக்கும் கூட தூக்கணும், எனக்கு இல்லன்ட்டாங்க. ஒங்களுக்கு இன்னா கேடு? போங்கடா உள்ள" என்றாள். ஒன்பது பேரில் ஒருவன்கூடத் திரும்பிப் போகவில்லை. இதைக் கோவிந்தம்மா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் கொடுத்த ரத்தம்தான் என் உடம்பில் ஓடியது. அவர்களில் நான் முகம் பார்த்தது நான்கு பேரைத்தான்.

ஆபரேஷன் அன்று என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் ஊசி போட்டார்கள், ஒரு விளக்கைப் பார்த்தேன். அவ்வளவுதான். மார்பெலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்பி இன்னும் உள்ளே இருக்கிறது.

கண் திறந்தபோது வாயில் ரப்பர் குழாய். மிஷின் எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். இதுதான் சாவு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மலையாள சிஸ்டர் காதுக்கருகே குனிந்து, "ஆபரேஷன் கழிஞ்சாச்சு ஏழுமலை. கேக்குதுன்னா என் கைய அமுக்குங்க" என்றார். அமுக்கினேன். விட மனம் வரவில்லை. அவரும் கையை உருவிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு நெஞ்சு வலியைவிடக் கால் வலிதான் பெரிது. இருமினால் எலும்பு பிளந்துகொள்கிற மாதிரி இருக்கும். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். நுரையீரல் விரியவேண்டும் என்று, கலர் தண்ணீர் ஊற்றிய இரண்டு பாட்டில்களைக் கொடுத்து, ஊதி ஊதி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். ஒரு விரல்கடைத் தண்ணீரை மாற்றுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. டாக்டர்கள் மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோவிந்தம்மா நின்றாள். இரண்டு நிமிஷம்தான் அனுமதி. ஐந்து நாள் அப்படி. அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டது.

முதல் தடவை வராந்தாவில் நடக்கவிட்டார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை, ஜன்னலிலிருந்து கதவு வரை. நூறு அடி இருக்கும். அந்த உள்ளங்கை இப்போது வந்து உட்காரும், இப்போது வரும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். அது வரவில்லை. நின்று இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சுகுணா முன்னாடியே பள்ளிப்பட்டிலிருந்து வந்து வீட்டைக் கழுவி, சமைத்து வைத்திருந்தாள். சாப்பிட்டோம். கோவிந்தம்மா கை கழுவிக்கொண்டு, "சித்த சாயறேன்" என்று பாய்கூட விரிக்காமல் தரையில் படுத்தாள். படுத்த மாதிரியே தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்க்கத் தெருவே வந்துவிட்டது. நான் வெளியே எழுந்து போய், "தூங்குறா, அப்பால வாங்க" என்று மெல்லிய குரலில் சொல்லித் திருப்பி அனுப்பினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சுகுணா, "எழுப்பட்டுமா நைனா?" என்றாள். வேண்டாம் என்றேன். மாத்திரை வேளை வந்தது. அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, சீட்டோடு ஒத்துப் பார்த்து எடுத்தேன். பானையில் தண்ணீர் மொண்டு விழுங்கினேன்.

அவள் கண் விழித்தபோது விடிந்து நன்றாக வெயில் வந்துவிட்டது. பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"மாத்திரை?"

"போட்டுக்கினேன்."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"நானேதான்."

அவள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொள்ளப் போனவள் கையைக் கீழே விட்டாள்.

"அப்டின்னா இன்னும் கொஞ்சம் தூங்குறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.